பின்தளத்தில் இருப்பது பீப்பாய் இல்லை, கயல்

அன்புள்ள கயல்,

நீ ஒட்டிக்கொண்டிருக்கும் போர்க்கப்பல் மாடலின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பீரங்கி, பிரிட்ஜ் (கப்பலை நடத்தும் மேடை), புகைபோக்கி எல்லாம் நன்றாக வந்திருக்கிறது, அதில் நான் சொல்ல எதுவுமில்லை. பின்தளத்துக்கு, அதாவது கப்பலின் பின்பக்கத் தளத்துக்கு, வந்ததும்தான் "இந்தப் பீப்பாய் என்ன, அந்தப் பீப்பாய் என்ன" என்று அம்புக்குறி போட்டுக் கேட்டிருக்கிறாய். மாடல் பாகங்கள் வரும் பெட்டியோடு உள்ள தாள் அந்த இடத்தில் பாகத்தின் எண்ணைத்தான் சொல்லும், பெயரைச் சொல்லாது. பெயர் தெரியாமலும் ஒட்டிவிடலாம். ஆனால் எந்தப் பக்கம் திருப்பி ஒட்டுவது என்பது அதன் வேலை தெரிந்தால்தான் பிடிபடும்.

உன் மாடல் இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க டெஸ்ட்ராயர் (வேகமான போர்க்கப்பல்), ஃப்ளெட்சர் வகுப்பு. அதன் கடைசி விளிம்பில் இடமும் வலமுமாகச் சரிவாக நிற்கும் இரண்டு சட்டங்கள் டெப்த் சார்ஜ் ரேக்குகள். நீர்மூழ்கியை அடிக்கும் குண்டு அதில் வரிசையாக இருக்கும், பிடியை விட்டால் ஒவ்வொன்றாகத் தானே உருண்டு கடலில் விழும். உருள வேண்டும் என்றால் எப்படிப் படுத்திருக்க வேண்டும் என்று நீயே யோசி. கப்பலின் குறுக்காகத்தான். ஆகவே பக்கவாட்டில் நின்று பார்த்தால் வட்டங்கள் தெரியும், பின்னால் நின்று பார்த்தால் உருளையின் நீளப்பக்கம் தெரியும். உன் படத்தில் இது தலைகீழாக இருக்கிறது, குண்டுகளெல்லாம் நீளவாக்கில் படுத்திருக்கின்றன. பசை முழுதாக இறுகுவதற்குள் திருப்பிவிடு. ரேக்கின் சரிவும் பின்னோக்கி இறங்க வேண்டும், முன்னோக்கி இல்லை.

இன்னொன்று, அளவு. ரேக்கில் பெரும்பாலும் 600 பவுண்டு குண்டு, பக்கவாட்டில் தூக்கி எறியும் கே-கன்களில் 300 பவுண்டு குண்டு. இரண்டுக்கும் நீளம் சுமார் 70 செ.மீ. தான், தடிமனில்தான் வித்தியாசம்: பெரியது 63 செ.மீ., சிறியது 45 செ.மீ. உன் மாடலின் 1/350 அளவில் இது 1.8 மி.மீ., 1.3 மி.மீ. அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்குத் தெரியும். போரின் பிற்பகுதியில் வேகமாக மூழ்குவதற்காகக் கண்ணீர்த்துளி வடிவில், வாலில் துடுப்பு வைத்த குண்டும் வந்தது. படத்தில் பீப்பாய் வடிவமே இல்லையென்றால் குழம்பாதே, அதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம் இரண்டு ரேக்குகளுக்கும் நடுவில் நீ அம்பு போட்டிருக்கும் உருளைகள். அவை குண்டு இல்லை, புகைத்திரை உண்டாக்கும் கருவி. அடையாளம் சுலபம்: அடியில் உருண்டு போகும் தண்டவாளம் இருக்காது, குழாயும் வால்வும் இருக்கும். புகைபோக்கி வழியாக எண்ணெயைக் கூடுதலாக எரித்து விடுவது கரும்புகை. இதிலிருந்து வருவது வெண்புகை, ரசாயனம் காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து உண்டாவது. குண்டுக்கு அடித்த பெயின்ட்டையே இதற்கும் அடித்துவிட்டு ஒரே வரிசையாக வைத்துவிடுகிறார்கள், அழகாகச் செய்து போட்டியில் வென்ற மாடல்களில்கூட இதைப் பார்த்திருக்கிறேன்.

கப்பலின் இரு பக்கமும் பின்பகுதியில் வெளியே துருத்தி நிற்கும் குழாய்ச் சட்டத்தை ஏணியா என்று கேட்டிருந்தாய். இல்லைம்மா, அது ப்ரொப்பல்லர் காப்பு. அந்த இடத்தில் உடல் குறுகிவிடும், ப்ரொப்பல்லர் அதையும் தாண்டி வெளியே சுழலும். துறைமுகத்தில் கட்டி நிறுத்தும்போது சுவரிலோ பக்கத்துக் கப்பலிலோ இடிக்காமல் இருக்கத்தான் அது. இரட்டையாக நிற்கும் குட்டைத் தூண்கள் கயிறு கட்ட, அதற்கு நேராக விளிம்பில் இருக்கும் வளைவு கயிறு வழுக்கிப் போக. இந்த இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி முக்கியமான விஷயம். எதைப் பார்த்துச் சரிபார்க்கிறாய் என்பதைக் கவனி. பாஸ்டனில் நிற்கும் கேசின் யங் என்ற அதே வகுப்புக் கப்பலின் படம் நிறையக் கிடைக்கும், ஆனால் அது 1950களின் தோற்றத்தில் இருக்கிறது. உன் மாடல் போர்க்காலக் கப்பல். அமெரிக்காவின் பேட்டன் ரூஜில் உள்ள கிட் (Kidd) என்ற கப்பலை 1945 தோற்றத்துக்குத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள், பின்தளத்துக்கு அதைப் பார். அதைவிட நல்லது அந்தக் காலத்துப் படங்கள். அமெரிக்காவின் மேர் ஐலண்ட் கடற்படைத் தளத்தில் பழுதுபார்ப்பு முடிந்ததும் கப்பலைப் படமெடுத்து, புதிதாக மாற்றிய இடங்களை வெள்ளை வட்டம் போட்டுக் காட்டுவார்கள், தேதியும் இருக்கும். நமக்கு அதைவிட என்ன வேண்டும்? கப்பலின் பெயரை மட்டும் வைத்துத் தேடாதே, பெயரோடு தேதியையும் சேர்த்துத் தேடு. ஒரே கப்பல் 1943இல் ஒரு மாதிரி, 1945இல் வேறு மாதிரி.

அடுத்து ஃப்ளவர் வகுப்பு கார்வெட் (சிறிய காவல் போர்க்கப்பல்) மாடல் கட்டப்போவதாகச் சொன்னாயே, அதில் இந்தத் தலைவலி இன்னும் அதிகம். ஆரம்பத்தில் அவற்றுக்குக் கண்ணிவெடி அகற்றும் சாமானும் இருந்தது, அதாவது பின்தளத்தில் கயிறு சுற்றி இழுக்கும் பெரிய விஞ்சும் தூக்கு கைகளும். பிறகு பலவற்றில் எடுத்துவிட்டு, குண்டுக்கு இடம் கொடுத்தார்கள். இறக்கை முளைத்த சின்ன டார்பிடோ மாதிரி ஒன்று தளத்தில் கிடந்தால் அது பேரவேன், கண்ணிவெடியின் கயிற்றை அறுக்கக் கடலில் இழுத்துச் செல்வது. கனடாவின் ஹாலிஃபாக்ஸில் சாக்வில் என்ற கப்பல் இருக்கிறது, அந்த வகுப்பில் மிஞ்சிய ஒரே கப்பல். அதுவும் போரின் பிற்காலத் தோற்றத்தில்தான் நிற்கிறது, 1941 கப்பலுக்கு அதை அப்படியே நம்பிவிடாதே.

கொடிக்கம்பம் பற்றிக் கேட்க மறந்துவிட்டாய், நானே சொல்கிறேன். அமெரிக்கக் கப்பல் துறையில் நிற்கும்போதுதான் பின்விளிம்புக் கம்பத்தில் கொடி பறக்கும், ஓடும்போது பாய்மரத்துப் பக்கம் போய்விடும். நீ அலை செய்து அதன்மேல் வைக்கப் போகிறாய் என்றால் பின்னால் கொடி வேண்டாம். ரேக்கைத் திருப்பிய பிறகு, பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு, விளக்கைச் சற்றுத் தாழ்வாக வைத்து எடு, அப்போதுதான் சரிவு தெரியும்.

அன்புடன்,
அப்பா