டூவீலர் பார்க்கிங்கில் விட என் ஸ்கூட்டர் பைக் இல்லை: நான்காவது புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயமாக நான் அனுப்பும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றுக்கும் “உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்” என்று ஒரே பதில்தான் வந்தது. முக்கியமாக இருந்திருந்தால் படித்திருப்பீர்கள். சரி, மறுபடியும் சொல்கிறேன்.

போலியோவால் சிறு வயதிலேயே எனக்கு இடது கால் சூம்பிவிட்டது. இப்போது வலது முட்டியும் தேய்ந்துபோனதால் நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து போகும் பேட்டரி ஸ்கூட்டர்தான் எனக்குக் கால். உங்கள் கேளிக்கைப் பூங்கா விடுதியில் அறை போடுவதற்கு முன்பே போன் செய்து கேட்டேன். “தாராளமா கொண்டு வாங்க சார், எல்லா இடத்திலும் ராம்ப் இருக்கு” என்றார் உங்கள் ஊழியர். அதை நம்பி, பேத்தியின் பிறந்தநாளுக்கு இரண்டு இரவுக்கு ரூ.31,400 கட்டினேன். பெங்களூரு அல்சூரில் கூப்பிட்ட முதல் டாக்ஸியில் டிக்கி முழுக்க சிஎன்ஜி சிலிண்டர், ஸ்கூட்டரை வைக்க இடமில்லை. பெரிய வண்டி பிடித்து வந்தோம். அது உங்கள் தப்பு இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

பூங்கா வாசலில் நடந்தது உங்கள் தப்பு. செக்யூரிட்டி என்னைப் பார்த்ததும் டூவீலர் பார்க்கிங் டோக்கனைக் கிழித்து நீட்டினார். சண்டை வேண்டாமென்று மாப்பிள்ளை பணத்தைக் கட்டியேவிட்டார். இதற்கு நம்பர் பிளேட் கிடையாது, நடக்கிற வேகத்தில்தான் போகும் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொல்லிப் பார்த்தேன். ரிசப்ஷனில் கடிதம் வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்தேன். சேஃப்டி ஆபீசர் முத்திரை இல்லையாம். திரும்பப் போனால் அவர் சாப்பிடப் போயிருக்கிறார். அந்த வெயிலில் மூன்று முறை போய் வந்தேன். ரிசப்ஷனுக்கும் வாசலுக்கும் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் டியூட்டி மேனேஜர் வந்தார். “நடக்க முடியாதவங்களுக்கு இங்க என்ன சார் வேலை?” என்றார். பேத்தி பக்கத்திலேயே நின்றாள். அவளுக்கு எட்டு வயது. அதற்கப்புறம் அவள் எந்த ராட்டினத்திலும் ஏறவில்லை. பிறந்தநாளே பாழ்.

ராம்ப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பிளாக்கில் மூன்று படி, 18 அங்குல உயரம். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் 18 அடி நீளச் சரிவு வேண்டும். உங்களுடையது 6 அடி இருந்தால் அதிகம். அது சமையலறைத் தள்ளுவண்டிக்காகப் போட்டது என்பது உங்களுக்கே தெரியும். அதிலிருந்து நான் மல்லாக்க விழாதது என் அதிர்ஷ்டம், உங்கள் அதிர்ஷ்டமும்கூட.

இரவில் அறையில் சார்ஜ் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். சாவி கார்டை உருவினால் அறை முழுக்க மின்சாரம் நின்றுவிடும் என்று ஒருவராவது சொன்னீர்களா? மறுநாள் அலைக் குளத்துப் பக்கம் வண்டி நின்றுபோனது. என்னையும் வைத்து மாப்பிள்ளைதான் அதைத் தள்ளினார். உங்கள் ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். அந்த மேனேஜரும்.

இரண்டே நாளில் என் ஆயுளில் இரண்டு வருஷம் போய்விட்டது. இதற்கு ஈடாக நீங்கள் தர முன்வந்தது என்ன? மூன்று மாதம் செல்லும் இலவச ரைடு டிக்கெட்டுகள். எனக்கு!

மரியாதையாகவே கேட்கிறேன்: முழுப் பணத்தையும், அந்த மேனேஜரிடமிருந்து எழுத்தில் ஒரு மன்னிப்பையும் 15 நாளில் அனுப்புங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைப்பதோடு நிறுத்த மாட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பொழுதுபோக்கு இடங்களும் பொதுக் கட்டடங்களில் அடக்கம். தனியார் என்று தப்பிக்க முடியாது. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கான மனுவும் தயார். அனுப்ப வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
அல்சூர்வாசி ஒருவர்
(முன்பதிவு எண் பழைய மூன்று கடிதங்களிலும் இருக்கிறது)

பி.கு.: டூவீலர் பார்க்கிங் டோக்கனுக்கு வாங்கிய 30 ரூபாயையும் சேர்த்து அனுப்பவும். டோக்கன் பத்திரமாக என்னிடம் இருக்கிறது.