செயலாளர் ஆண்டறிக்கை: ஏலகிரி இறக்கத்தில் உடைந்த போல்ட்

தலைவர் அவர்களுக்கும், காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம், ராணிப்பேட்டை பக்கமிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் பைக் ஓட்டிகள் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. சந்தாவும் பெரும்பாலும் வந்துவிட்டது. இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஏலகிரிப் பயணத்தில் நடந்ததைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் போய், 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மதியம் திரும்பிக்கொண்டிருந்தோம். பாதி மலை இறங்கியிருப்போம். எனக்கு முன்னால் போன தம்பி ஒரு வளைவில் முன் பிரேக்கைப் பிடித்ததும் ‘கடக்’ என்று சத்தம். காலிபரின் (பிரேக் பேட்டைத் தட்டின்மேல் அழுத்தும் பாகம்) கீழ் போல்ட் முறிந்து, காலிபர் திரும்பிச் சக்கரத்தில் இடித்துவிட்டது. பின் பிரேக்கை வைத்தே வண்டியை உள்பக்க மண்ணில் இறக்கிச் சாய்த்தார். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. எதிரே பஸ் வராதது நம் நல்ல நேரம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கிளம்பும்போது டயரில் காற்று பார்த்தோம், பெட்ரோல் பார்த்தோம். ஒரு போல்ட்டைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. அந்தப் பொறுப்பு எனக்கு உண்டு.

உடைந்த போல்ட்டின் தலைப் பக்கத் துண்டு ரோட்டோரம் கிடைத்தது. இதோ மேஜைமேல் இருக்கிறது, எல்லோரும் கையில் எடுத்துப் பாருங்கள். உடைந்த முகத்தில் பாதிக்கு மேல் வழவழப்பாக, கிளிஞ்சலில் இருப்பது போல வளைவு வளைவாகக் கோடுகள் தெரியும். மீதி இடம் உடைத்த வெல்லக்கட்டி மாதிரி சொரசொரப்பாக இருக்கும். நம் மூத்த உறுப்பினர் மெக்கானிக் பாய் பார்த்த உடனேயே சொன்னார்: “இது அன்னிக்கு உடையல தம்பி, ரொம்ப நாளா உடைஞ்சுகிட்டே இருந்திருக்கு.” அந்தச் சொரசொரப்பு மட்டும்தான் அன்று முறிந்தது.

சில மாதங்களுக்கு முன் ஒரு கடையில் பிரேக் பேட் மாற்றியபோது பழைய போல்ட்டுக்குப் பதில் வேறொன்றைப் போட்டிருக்கிறார்கள். தலையில் தர எண்ணே இல்லை. 8.8 என்று பொறித்திருந்தால் 800 மெகாபாஸ்கல் (ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன்) வரை இழுப்பைத் தாங்கும் என்று பொருள், 10.9 என்றால் 1,000. எண் இல்லாத போல்ட் எவ்வளவு தாங்கும் என்று யார் சொல்வது? பளபளப்புக்காக ஸ்டெயின்லெஸ் போல்ட் மாட்டுகிறவர்களும் இதைக் கவனியுங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 8.8 அளவு தாங்காது. பிரேக்கில் அது வேண்டாம்.

ஆனால் தரத்தைவிட முக்கியம், அது சரியாக முடுக்கப்படவில்லை என்பது. முடுக்கும்போது போல்ட் ஸ்பிரிங் போலக் கொஞ்சம் நீள்கிறது. அந்த இழுப்புதான் காலிபரையும், முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கையும் அழுத்திச் சேர்த்துப் பிடிக்கிறது. அது இருக்கும்வரை ஒவ்வொரு பிரேக்கின் அடியும் போல்ட்டுக்கு அவ்வளவாகப் போகாது. தளர்ந்துவிட்டால் முழு அடியையும் போல்ட்டே வாங்கும். மரை தொடங்கும் இடத்தில் மயிரிழை விரிசல் விழுந்து, பிரேக் பிடிக்கப் பிடிக்க வளரும்.

அதற்காக ஸ்பேனர்மேல் ஏறி நின்று முடுக்கவும் கூடாது. அலுமினியத்தில் மரை போய்விடும். நாம் கொடுக்கும் முறுக்கில் சுமார் 90 சதவீதம் உராய்வுக்கே போகிறது. மீதிதான் பிடிப்பாக மாறுகிறது. அதனால் மரையில் எண்ணெய் தடவி அதே முறுக்குக் கொடுத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். வண்டியின் கையேட்டில் உள்ள அளவுதான் சரி. அதற்காகவே சங்கப் பணத்தில், எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கினோம். எந்த உறுப்பினரும் கேட்டு வாங்கிப் போகலாம்.

அதன்பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தின ஞாயிறு காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, வண்டிகளைச் சோதிக்கிறோம். காலிபர், இரண்டு ஆக்சில் (சக்கர அச்சு) நட்டு, ஹேண்டில் பார், எஞ்சின் பிடிக்கும் போல்ட்டுகள், சைலன்சர் எல்லாம் பார்த்து, முடுக்கியபின் போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போடுகிறோம். கோடு விலகினால் போல்ட் நகர்ந்திருக்கிறது. குனிந்து பார்த்தாலே தெரியும். முதல் சோதனையிலேயே என் வண்டியில் பின் ஆக்சில் நட்டுக்கு, அது கழலாமல் தடுக்கும் காட்டர் பின் இல்லை. செயினை இறுக்கியபோது மறந்தது நான்தான். நைலான் வைத்த நட்டையும் ஒருமுறை கழற்றினால் புதிதாகப் போடுங்கள், அதன் பிடிப்பு குறைந்துவிடும்.

அடுத்த பயணம் ஜவ்வாது மலைக்கு, காவலூர் வானாய்வகம் வரை. வருகிறவர்கள் முந்தின ஞாயிறு சோதனைக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. விழுந்த தம்பிதான் இம்முறை பெயிண்ட் டப்பாவும் தூரிகையும் கொண்டுவருகிறார். கையேடு இருப்பவர்கள் மறக்காமல் எடுத்து வாருங்கள். வரவு செலவுக் கணக்கை இப்போது பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்