இரண்டாம் பருவ நிறைவில் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்துள்ளது. விளையாட்டு விழாவிலும் அறிவியல் கண்காட்சியிலும் மாணவர்கள் உற்சாகத்துடன் பங்கேற்றுப் பரிசுகள் பெற்றனர். தேர்வு முடிவுகளும் மனநிறைவு அளிக்கின்றன. அனைவருக்கும் என் பாராட்டுகள்.

இப்பருவத்தில் நம் அறிவியல், புவியியல் ஆசிரியர்கள் மரம் வெட்டும் களம் ஒன்றுக்கும், மரம் அறுக்கும் ஆலைக்கும், பிளைவுட் ஆலைக்கும் கல்விப் பயணமாகச் சென்று வந்ததை அறிவீர்கள். அதைத் தொடர்ந்து நடந்த பாடங்கள் குறித்துச் சில பெற்றோர் வருத்தமும் கோபமும் தெரிவித்திருப்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

முதலில், ஆசிரியர்கள் கண்டதைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய களத்தில் கோடரிக்கு அநேகமாக வேலை இல்லை. மரத்தின் அடியைப் பற்றி அறுத்து, சாய்த்து, கிளைகளைக் கழித்து, வேண்டிய நீளத்துக்குத் துண்டாக்கும் பணி முழுவதையும் இயந்திரத்தின் அறைக்குள் அமர்ந்திருக்கும் ஓர் இயக்குநரே செய்துவிடுகிறார். மரம் விழுந்து தொழிலாளர் உயிரிழக்கும் ஆபத்து இதனால் பெருமளவு குறைகிறது. கழித்த கிளைகளை இயந்திரம் செல்லும் தடத்திலேயே பரப்புவதால், சக்கரங்களின் எடையால் மண் இறுகுவதும் குறைகிறது. ஆலையில் பட்டை உரித்த ஒவ்வொரு தடியையும் ஒளிக்கதிர்களால் அளந்து, எப்படி அறுத்தால் மிகுதியான பலகை கிடைக்கும் என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. பட்டையும் மரத்தூளும் கொதிகலனில் எரிந்து, பலகைகளை உலர்த்தும் சூளைக்கு வெப்பம் தருகின்றன. ஓரச் சிம்புகள் காகிதக் கூழுக்குப் போகின்றன. பிளைவுட் ஆலையில் சுழலும் தடியிலிருந்து மெல்லிய ஏடுகளை உரித்து, இழைகள் குறுக்கும் நெடுக்குமாக அமையும்படி அடுக்கி ஒட்டுவதைக் கண்ட ஆசிரியர்கள், அந்தப் பலகை எளிதில் பிளவாததற்கான காரணத்தை வகுப்பில் மாதிரியோடு விளக்கினர். பாடநூலின் ஒரு வரிக்குள் அடங்காத அறிவு இது.

இப்பாடங்கள் மரம் வெட்டுவதை நியாயப்படுத்துகின்றன என்பதே சில பெற்றோரின் குறை. வகுப்புக் குறிப்புகளை நான் முழுமையாகப் படித்தேன். 2000 முதல் 2018 வரை உலகில் நிகழ்ந்த காடழிப்பில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்கு வேளாண் நில விரிவாக்கமே காரணம் என்ற ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் கணிப்பு அவற்றில் உள்ளது. ஒரே இன மரங்களை நட்டு வளர்க்கும் தோட்டம் பழைய இயற்கைக் காட்டுக்கு ஈடாகாது என்பதும், மரம் ஏற்றிச்செல்லப் போடும் பாதைகளே பின்னர் காடு அழியும் வழியாகிவிடுவதுண்டு என்பதும் அதே பக்கத்தில் உள்ளன. பொறுப்பான வன மேலாண்மையைச் சான்றளிக்க 1993இல் தோன்றிய எஃப்.எஸ்.சி. (வனப் பொறுப்பாண்மை மன்றம்) என்ற பன்னாட்டு அமைப்பின் முத்திரை நோட்டுப் புத்தகங்களில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் பயிற்சியும் தரப்பட்டுள்ளது. பயணச் செலவு முழுவதையும் பள்ளியே ஏற்றது. ஆலைகளின் விளம்பர ஏடு எதுவும் மாணவர்களுக்கு வழங்கப்படவில்லை.

காடுகள் மீது உங்களுக்கு உள்ள அக்கறையை மிகவும் மதிக்கிறேன். அந்த அக்கறையோடு கேட்கப்படும் எந்தக் கேள்விக்கும், அது எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும், பதில் சொல்ல நாங்கள் கடமைப்பட்டவர்கள். ஆயினும், குழந்தையின் குறிப்பேட்டில் உள்ள பாடத்தைக் குறுக்கே அடித்து அனுப்புவதையும், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஓர் ஆசிரியரைப் பெயர் சொல்லி "விலைபோனவர்" என்று பதிவிடுவதையும் பள்ளி ஒருபோதும் ஏற்காது. அப்பதிவுகளை உடனே நீக்கிவிட வேண்டும். இனி இவ்வாறு நடந்தால் தொடர்புடையவர்களை நேரில் அழைத்துப் பேசுவேன். அந்தச் சொற்களைப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். மறுநாள் காலை அதே ஆசிரியர் முன்தான் அவர்கள் அமர வேண்டியிருக்கிறது.

தங்கள் ஐயங்களை அமைதியாகக் கடிதம் எழுதியும் நேரில் வந்தும் தெரிவித்த பெற்றோர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. ஆற்றங்கரையை ஒட்டி வெட்டாமல் விடவேண்டிய மரங்களின் வரிசை பற்றித் தனிப் பாடம் சேர்க்கும்படி உங்களில் ஒருவர் கேட்டிருந்தார். அடுத்த பருவத்தில் அது இடம்பெறும். விடுமுறை முடிந்து நடைபெறும் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர்கள் பயணப் படங்களையும் மர மாதிரிகளையும் காட்சிக்கு வைப்பார்கள். கேள்விகளோடு வாருங்கள், உங்கள் பிள்ளைகளையும் உடன் அழைத்து வாருங்கள்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்