இரண்டு நாள் பொறுக்காததால் செவத்தி கூண்டில் கழித்த 97 நாள்

லண்டன்,
18.11.2024

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
செல்லப்பிராணிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் பிரிவு,
சென்னை.

பொருள்: ரத்த மாதிரி எடுத்த தேதியில் நடந்த தவறு, போர்டிங்கில் (நாயைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடத்தில்) நடந்த அலட்சியம், பணத்தைத் திருப்பிக் கேட்டல்.

ஐயா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் மூலம் செப்டம்பர் 11 அன்று சென்னையிலிருந்து லண்டன் வந்து சேர்ந்த நாய் செவத்திக்கு உரியவள் நான். அவள் வந்து சேர்ந்ததோடு வேலை முடிந்தது என்று நீங்கள் ஃபைலை மூடியிருக்கலாம். இங்கே எனக்கு இன்னும் முடியவில்லை. நான்கு முறை போன் செய்தேன். ஒவ்வொரு முறையும் வேறு ஆள் எடுத்து, "மேலிடத்துல சொல்றேன் மேடம்" என்றார்கள். அதனால் நடந்ததை எழுத்தில் தருகிறேன். உங்கள் அலுவலகத்தில் எல்லாரும் என்னோடு தமிழில்தான் பேசினீர்கள், ஆகவே தமிழிலேயே எழுதுகிறேன்.

செவத்தி யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். உங்கள் ஃபைலில் அவள் ஒரு புக்கிங் நம்பர், ஒரு எடை, தோலுக்கடியில் வைத்த அடையாள மைக்ரோசிப்பின் எண். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கியபோது, ஒரு காம்பவுண்டு சுவர்மேல் இரண்டு நாள் நின்றுகொண்டிருந்தவளைத் தன்னார்வலர்கள் படகில் ஏற்றிக் காப்பகத்தில் சேர்த்தார்கள். செவலை நிறம், விறைத்த காது. கருத்தடை செய்த தெருநாய் என்பதற்கு அடையாளமாக ஒரு காதின் நுனி வெட்டப்பட்டிருக்கும். (உங்கள் சேர்க்கைப் படிவத்தில் அதைக் "காதில் பழைய காயம்" என்று எழுதியிருந்தார்கள். தினமும் நாய்களோடு வேலை செய்கிற இடத்தில் அதுகூடத் தெரியவில்லையே என்று அன்றைக்கே எனக்கு வருத்தம்.) பல்லைப் பார்த்த டாக்டர் ஐந்து, ஆறு வயதிருக்கும் என்றார். குட்டி என்றால் தத்தெடுக்க ஆள் வரும். ஆறு வயது நாட்டு நாயை யார் கேட்டு வருகிறார்கள்?

மடிப்பாக்கத்தில் அம்மா வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தது. அதைச் சரிசெய்ய ஜனவரியில் வந்தவள், காப்பகத்தில் இவளைப் பார்த்தேன். முதல் பத்து நாள் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டால்தான் சாப்பிடுவாள். திரும்பிப் பார்த்தால் தட்டை விட்டுச் சுவரோரம் போய்விடுவாள். பதினோராம் நாள் என் கால்மேல் முகவாயை வைத்துப் படுத்தாள். அன்றே காப்பகத்தில் கையெழுத்துப் போட்டு, லண்டனுக்குக் கூட்டிப்போவது என்று முடிவு செய்து, உங்களிடம் வந்தேன்.

பிரிட்டனின் விதிகளை உங்கள் அலுவலர்தான் எனக்கு விளக்கினார். முதலில் மைக்ரோசிப், அதன்பிறகு ரேபிஸ் தடுப்பூசி. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புசக்தி அளவு 0.5க்குக் குறையக் கூடாது. ரத்தம் எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம் காத்திருந்து, அதன்பிறகே பயணம். நாய் பறக்கும் நாளுக்கு முன்போ பின்போ ஐந்து நாளுக்குள் நானும் பயணம் செய்ய வேண்டும், இல்லையென்றால் வணிக இறக்குமதி ஆகிவிடும். எல்லாம் சரியாகத்தான் சொன்னார். ஜனவரி 29, திங்கள்கிழமை, சிப்பும் தடுப்பூசியும் போட்டீர்கள். விடுப்பு முடிந்து பிப்ரவரி 10 அன்று அவளை உங்கள் போர்டிங்கில் விட்டுவிட்டு நான் லண்டன் திரும்பினேன்.

பிப்ரவரி 26 அன்று உங்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது: "நாலு வாரம் ஆயிடுச்சு மேடம், இன்னைக்கே பிளட் எடுத்து அனுப்பிட்டோம்." அந்தச் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. நாலு வாரம் என்றால் 28 நாள். விதி 30 நாள். நானும் அன்றைக்கு எண்ணிப் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணுவதற்காகத்தானே உங்களுக்குப் பணம் கட்டினேன்? அதே வாரம் புதன்கிழமை எடுத்திருந்தால் போதும். உங்கள் அலுவலக மேசைக்குப் பின்னால் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. அதில் இரண்டு தாள் கிழியும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான்.

ரிசல்ட் நல்லபடியாக வந்தது. அளவு போதுமானதாக இருந்ததால் தேதியை யாருமே திரும்பப் பார்க்கவில்லை. மே கடைசியில் மூன்று மாதம் முடிகிறது என்று ஜூன் 5க்கு டிக்கெட் போடச் சொன்னீர்கள். நானும் அவளோடு பயணம் செய்ய மே 31 காலை மீனம்பாக்கத்தில் வந்து இறங்கினேன். டாக்ஸியில் போகும்போதே உங்கள் போன்: "சின்ன டேட் பிராப்ளம் மேடம்." ஹீத்ரோ விமான நிலையத்தில் இருக்கும் விலங்குகள் வரவேற்பு மையம் முன்கூட்டியே ஆவணங்களைச் சரிபார்த்து, ஊசிக்கும் ரத்தத்துக்கும் நடுவே 28 நாள்தான் இருக்கிறது, செல்லாது என்று சொல்லிவிட்டது. அவர்கள் பார்க்காமல் விட்டு, அவள் அங்கே போய் இறங்கியிருந்தால்? தனிமைக் கூடத்தில் மாதக்கணக்கில் அடைத்திருப்பார்கள், அல்லது வந்த வழியே திருப்பி அனுப்பியிருப்பார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

விதிமேல் எனக்குக் கோபம் இல்லை. ஊசி போட்டதும் உடம்பில் எதிர்ப்புசக்தி ஊற நாள் பிடிக்கும். ஊசிக்கு முன்பே கிருமி ஏறியிருந்தால் அது வெளிப்படவும் நாள் பிடிக்கும். நம் ஊரில் நாய்க்கடியால் ரேபிஸ் வந்து இறப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரிட்டனிலோ 1922லேயே உள்நாட்டு நாய்களிடமிருந்து அந்த நோயை ஒழித்துவிட்டார்கள். அவர்கள் எச்சரிக்கையாக இருப்பது நியாயம். 2022 செப்டம்பர் 28 முதல் கனடா, ரேபிஸ் அபாயம் அதிகம் உள்ள நாடுகளிலிருந்து தத்துக்கும் விற்பனைக்கும் நாய்கள் வருவதையே நிறுத்திவிட்டது. அந்தப் பட்டியலில் இந்தியாவும் இருக்கிறது, இலங்கையும் இருக்கிறது. இருக்கிற ஒன்றிரண்டு கதவுகளும் சாத்திக்கொள்ளாமல் இருக்க வேண்டுமென்றால், இந்தத் தொழிலில் இருக்கிற உங்களைப் போன்றவர்கள் பேப்பரைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். உங்கள் கையில் இருப்பது செவத்தி ஒருத்தியின் விஷயம் மட்டும் இல்லை.

ஜூன் 3 அன்று மறுபடி ரத்தம் எடுத்தபோது நான் கூடவே இருந்தேன். முன்னங்காலில் முடியை மழித்து, ரப்பர் பட்டை கட்டினார்கள். அவள் மூக்கை என் அக்குளுக்குள் நுழைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். நான்கு மாதம் கழித்துப் பார்க்கிறேன், என்னை மறந்திருக்கவில்லை. அதன்பிறகு அவளை அங்கேயே விட்டுவிட்டு நான் தனியாகத் திரும்பினேன். போகும்முன், அம்மாவின் பழைய நூல் சேலையில் பாதியைக் கிழித்து, "இதை அவ படுக்கிற இடத்துல போடுங்க, வீட்டு வாசனை இருக்கும்" என்று உங்கள் பொறுப்பாளர் கையில் கொடுத்தேன். சரி என்று வாங்கிக்கொண்டார்.

செப்டம்பரில் வந்தபோது அந்தச் சேலைத் துண்டு ஆபீஸ் பீரோவின்மேல், பிளாஸ்டிக் பையில், மடிப்புக் கலையாமல், புக்கிங் நம்பர் ஒட்டி இருந்தது. மூன்று மாதமும் அவள் வெறும் சிமென்டுத் தரையில்தான் படுத்திருக்கிறாள். இரண்டு முழங்கையிலும் முடி உதிர்ந்து, தோல் கறுத்துத் தடித்திருந்தது. கழுத்துப்பட்டைக்கு அடியில் புண். 21 கிலோ இருந்தவள் 17 கிலோ 400 கிராம். வாராவாரம் எனக்குப் படம் அனுப்பினீர்கள். ஜூலையில் வந்த மூன்று படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். அதே நிழல், அதே சரிந்த தண்ணீர்க் கிண்ணம். மூன்றும் ஒரே படம்.

அந்த ஜூலையில் அவளுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை. பில்லில் "மருந்து ரூ. 2,350" என்று ஒரு வரி இருந்ததைப் பார்த்து நான் கேட்ட பிறகுதான், உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகப்பட்டு டாக்சிசைக்ளின் கொடுத்த கதை வெளியே வந்தது. அதையும் சொன்னது உங்கள் பொறுப்பாளர் இல்லை, கூண்டு கழுவுகிற தம்பி. இடி இடித்து மழை பெய்த ராத்திரிகளில் அவள் கம்பியைக் கடித்தாள் என்றும், தான் போய்க் கூண்டோரம் உட்கார்ந்திருந்ததாகவும், சாப்பிடாத நாளில் தன் தயிர்சாதத்தைப் பிசைந்து ஊட்டியதாகவும் அந்தத் தம்பி சொன்னார். வெள்ளத்தில் இரண்டு நாள் நின்ற நாய்க்கு மழை என்றால் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவராகவே புரிந்துகொண்டிருக்கிறார். இந்தக் கடிதத்தால் அவர் வேலைக்கு எந்தக் கெடுதலும் வரக் கூடாது. அந்த மருந்துப் பணத்தை நான் திருப்பிக் கேட்கவும் இல்லை. கேட்பது, ஒரு போன் ஏன் செய்யவில்லை என்பதை.

பயணக் கூண்டு விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் அளவுமுறை உங்களுக்குத் தெரியாததில்லை. மூக்கிலிருந்து வால் அடிவரை உள்ள நீளத்தோடு, தரையிலிருந்து முழங்கைவரை உள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். நின்றால் காது நுனி கூரையில் இடிக்கக் கூடாது. செவத்திக்கு 74ம் 15ம் சேர்த்து 89 சென்டிமீட்டர் வேண்டும். நீங்கள் கொண்டுவந்தது 81. செப்டம்பர் 10 ராத்திரி கார்கோவில் அவளை உள்ளே நிறுத்திப் பார்த்ததும் காது மடங்கியது, அங்கிருந்தவர்கள் ஏற்க மறுத்துவிட்டார்கள். வேறு கூண்டு வர இரண்டு மணி நேரம், அதற்குத் தனியாக ரூ. 14,000. முதலில் கொண்டுவந்த கூண்டின் விலை பேக்கேஜிலேயே அடக்கம்.

வந்து இரண்டு மாதம் ஆகிறது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் மாடிப்படிக்கு அடியில் போய் ஒண்டிக்கொள்கிறாள். ஜனவரியில் பதினோரு நாளில் என்னிடம் வந்தவள், இங்கே வந்து ஐந்து வாரம் கழித்துத்தான் நான் பார்க்கும்போது சாப்பிட்டாள். நல்ல இடத்தில் வைத்திருந்தாலும் ஊர் மாறிய பெரிய நாய் பழகுவதற்கு நாளாகும், தெரியும். ஆனால் அந்த மூன்று மாதத்தில் அவளிடமிருந்து போனது என்ன என்பதை நான் தினமும் தட்டெதிரில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

நான் கேட்பவை இவை. இரண்டாம் ரத்தப் பரிசோதனைக்கு வாங்கிய ரூ. 32,000, ஜூன் 5 முதல் செப்டம்பர் 10 வரை 97 நாள் போர்டிங்குக்கு நாள் ஒன்றுக்கு 700 வீதம் ரூ. 67,900, கூண்டுக்கு ரூ. 14,000, ஜூனில் என் டிக்கெட்டை மாற்றியதற்கு ரூ. 41,000, ஆக மொத்தம் ரூ. 1,54,900 திருப்பித் தர வேண்டும். தேதித் தவறு உங்களுடையது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இனி வருகிறவர்களுக்கு, ஊசி போட்ட தேதியையும் ரத்தம் எடுக்கக்கூடிய முதல் தேதியையும் ஒரே தாளில் எழுதி, வாடிக்கையாளரிடமும் கையெழுத்து வாங்குங்கள். நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கே சொல்லுங்கள். பில்கள், குரல் செய்தி, படங்கள், இரண்டு ஆய்வக அறிக்கைகள் எல்லாவற்றின் நகலையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். 30 நாளுக்குள் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டக் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அதற்கு இரண்டு வருடம்வரை அவகாசம் இருப்பதால் அவசரப்பட்டு எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் 30 நாள் தள்ளிப்போடாதீர்கள். ஜூலையில் அவளுக்கு எந்த ரத்தப் பரிசோதனை செய்தீர்கள், தட்டணுக்கள் எவ்வளவு இருந்தன, டாக்சிசைக்ளின் எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று இங்குள்ள கால்நடை மருத்துவர் கேட்கிறார். உண்ணிக் காய்ச்சல் உள்ளேயே தங்கிப் பிறகு தலைதூக்கக்கூடிய நோய், பழைய ரிப்போர்ட் இல்லாமல் இப்போது வந்திருக்கும் ரிசல்டைச் சரியாகப் படிக்க முடியவில்லை என்கிறார். அடுத்த சந்திப்பு நவம்பர் 26. அந்த ரிப்போர்ட்டைப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும். பணம் பிறகு வரட்டும், அது இந்த வாரமே வேண்டும்.

இப்படிக்கு,
செவத்தியின் வீட்டுக்காரி
(புக்கிங் விவரம் உறையின்மேல் உள்ளது)