உங்கம்மா கொடுத்த பால்

அன்புள்ள மல்லிகா,

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு பன்னிரண்டு நாள். "தலைக்குள்ள இருக்கிற சுரப்பிக்கும் உப்புக்கும் என்னடி சம்பந்தம், கிட்னியில ஏதோ கோளாறுன்னுல்ல நினைச்சேன்" என்று நீ போனில் கேட்டபோது வார்டு வாசலில் நின்றுகொண்டு ஏதோ அரைகுறையாகச் சொல்லி வைத்தேன். அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பெரியவன் டியூஷன் போயிருக்கிறான், அம்மா தூங்குகிறாள், தெருவில் தண்ணி லாரி வந்து போயாகிவிட்டது. உட்கார்ந்து முழுசாக எழுதிவிடுகிறேன். இதில் உங்கம்மாவுக்கும் பங்கு இருக்கிறது, அதனால் அவர்களுக்கும் படித்துக் காட்டு.

அம்மா இரண்டு வருஷமாகவே சரியில்லை என்பது உனக்குத் தெரியும். எந்நேரமும் அசதி. தண்டையார்பேட்டையில் கத்திரி வெயிலில் நாங்கள் ஃபேனுக்கு அடியில் புழுங்கிச் சாகிறோம், அவள் போர்வை கேட்பாள். முகம் வெளுத்துக்கொண்டே போனது, ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். தைராய்டு இருக்குமோ என்று ரத்தத்தில் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனைப் பார்த்தார்கள், நார்மல். இரண்டு தடவை வாந்தி, தலைசுற்றல் என்று சேர்த்தபோது சோடியம் 118, 120 என்று வந்தது. இருக்க வேண்டியது 135-லிருந்து 145. இரண்டு நாள் சலைன் ஏற்றி, "உப்பு குறைஞ்சிருக்கு, நல்லா சேர்த்துக்கங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நாங்களும் உப்பு போட்ட மோர், ஓ.ஆர்.எஸ்., ஊறுகாய், காசிமேட்டுக் கருவாடு என்று அவள் வேண்டாம் வேண்டாம் என்றாலும் ஊட்டினோம். மூன்றாவது தடவை, ஐப்பசி மழையில், விடிகாலை எழுந்து "நைனா இன்னும் வரலியா" என்று கேட்டாள். நைனா போய் ஒன்பது வருஷம். அன்றைக்கு சோடியம் 112.

இங்கேதான் நாங்கள் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தோம். சோடியம் குறைவு என்றால் உடம்பில் உப்பு இல்லை என்றுதான் தோன்றும். ரசத்துக்கு அளவாக உப்பு போட்டிருக்கிறாய், யாரோ வந்து ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிவிட்டார்கள் என்று வை. வாயில் வைத்தால் சப்பென்று இருக்கும், ஆனால் நீ போட்ட உப்பு அப்படியே உள்ளேதான் இருக்கிறது. அம்மாவுக்கு நடந்தது அதுதான். உப்பு போகவில்லை, தண்ணீர் தேங்கியது.

தண்ணீர் ஏன் தேங்குகிறது என்பதை நான் பதினெட்டு வருஷமாக பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நடத்துகிறேன், மல்லிகா. சிறுநீரகம் ஒரு நாளைக்கு வடிகட்டுவது 180 லிட்டர். நம் தெருக் குழாயடியில் பிடிக்கிற குடம் பதினைந்து லிட்டர் என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு குடம். வெளியே போவது ஒன்றரை, இரண்டு லிட்டர்தான். மிச்சமெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே வந்துவிடுகிறது. பெரும்பகுதி யார் சொல்லியும் அல்ல, தானாகவே வரும். கடைசியில் சேகரிப்பு நாளம் என்கிற கடைசிக் குழாய்க்கு வந்து சேருகிற தண்ணீரை மட்டும், விடுவதா நிறுத்துவதா என்று மூளை தீர்மானிக்கிறது. ரத்தம் ஒரு சதவீதம் கெட்டியானால்கூட மூளையில் இருக்கிற ஹைப்போதலாமஸுக்குத் தெரிந்துவிடும். அது தயாரிக்கிற வாசோபிரஸ்ஸின் என்ற ஹார்மோன், மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியான பின்கதுப்பு வழியாக ரத்தத்தில் இறங்கி, சிறுநீரகத்துக்குப் போய் அந்த நாளத்தின் சுவரில் தண்ணீருக்கான வாசல்களைத் திறக்கும். அக்வாபோரின் என்று பெயர். அதைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரிக்கு 2003-இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். வாசல் திறந்தால் தண்ணீர் உடம்புக்குள் திரும்பும், சிறுநீர் கெட்டியாகும். நாம் நிறைய தண்ணீர் குடித்துவிட்டால் வாசோபிரஸ்ஸின் இறங்கும், வாசல் மூடும், அதிகப்படி வெளியே போய்விடும். அம்மாவுக்கு ரத்தம் அவ்வளவு நீர்த்துப்போயும் அந்த வாசல் மூடவில்லை.

ஏன் என்று கண்டுபிடித்தது மேற்படிப்பு படிக்கிற ஒரு சின்ன டாக்டர் பொண்ணு. ராத்திரி டியூட்டி. ரிப்போர்ட்டையெல்லாம் புரட்டிவிட்டு என்னிடம் கேட்டாள்: "கடைசி பிரசவத்துல ரத்தம் ரொம்ப போச்சா? குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்தாங்களா?" எழுபது வயசு அம்மாவுக்கு மயக்கம் என்று கூட்டிவந்தால் பிரசவத்தைப் பற்றிக் கேட்கிறாளே என்று இருந்தது. அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. எனக்குத்தான் 1983 ஞாபகம் வந்தது. தம்பி பிறந்த ராத்திரி, வீட்டிலேயே பிரசவம், நிற்காமல் ரத்தம், மழையில் ரிக்‌ஷாவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் உங்கள் வீட்டில் உன் பாயில் படுத்திருந்தேன். அம்மா பிழைத்து வந்தாள், ஆனால் ஒரு சொட்டு பால் சுரக்கவில்லை. உன் தங்கை கைக்குழந்தை. உங்கம்மா ஒரு மடியில் அவளையும் ஒரு மடியில் தம்பியையும் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. "இல்ல டாக்டர், பக்கத்து வீட்டு அத்தைதான் கொடுத்தாங்க" என்றேன். அந்தப் பொண்ணு உடனே அம்மாவின் கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தாள். முடியே இல்லை. அதற்கப்புறம் மாதவிலக்கு வந்ததா என்று கேட்டாள். வரவே இல்லை. அம்மாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயசு. ரத்தமெல்லாம் போய் வற்றிவிட்டது என்று ஆயா சொன்னதோடு சரி.

கர்ப்பத்தில் பிட்யூட்டரி பெரிதாகும். பட்டாணி அளவு சுரப்பிதான், ஆனாலும் அந்த நேரத்தில் அதற்கு ரத்தம் நிறைய வேண்டும். பிரசவத்தில் ரத்தம் கொட்டி அழுத்தம் விழுந்தால் முதலில் பட்டுப்போவது அதுதான், அதிலும் முன்கதுப்பு. 1937-இல் ஷீஹன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விவரித்து எழுதினார், அவர் பெயரிலேயே நோயைச் சொல்கிறார்கள். பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின், மாதவிலக்குக்கான ஹார்மோன்கள், தைராய்டைத் தூண்டுகிற டி.எஸ்.எச்., கிட்னிக்கு மேலே இருக்கிற அட்ரீனல் சுரப்பியைத் தூண்டுகிற ஏ.சி.டி.எச். எல்லாம் முன்கதுப்பில்தான். பின்கதுப்புக்கு ரத்தக்குழாய் தனி, அதனால் அது பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். டி.எஸ்.எச். நார்மல் என்று வந்ததும் இப்போது புரிகிறது. தைராய்டு சுரப்பியே கெட்டால்தான் டி.எஸ்.எச். ஏறும். தலையிலேயே கோளாறு என்றால் ஏறாது, தைராய்டு சுரக்கிற டி4-ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு டி4 தரைமட்டம், அட்ரீனல் சுரக்கிற கார்டிசோல் காலை நேரத்தில் பார்த்தபோது அதுவும் அப்படியே. ஸ்கேனில் பிட்யூட்டரி இருக்க வேண்டிய எலும்புக் குழி கிட்டத்தட்ட காலி.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். வாசோபிரஸ்ஸினை அடக்கிவைக்கிற கைகளில் ஒன்று கார்டிசோல். முன்கதுப்பு செத்து, ஏ.சி.டி.எச். இல்லாமல், கார்டிசோலும் இல்லாமல் போனபோது, உயிரோடு இருந்த பின்கதுப்பு வாசோபிரஸ்ஸினை விட்டுக்கொண்டே இருந்தது. கிட்னிக்கு ஒரு குறையும் இல்லை, மேலிருந்து வந்த உத்தரவை ஒழுங்காகச் செய்தது. நாங்கள் கொடுத்த மோரும் ஓ.ஆர்.எஸ்.ஸும் இன்னும் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். உப்பைப் பிடித்துவைத்து பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிற ஆல்டோஸ்டீரோனுக்கு பிட்யூட்டரியின் தயவு அவ்வளவாகத் தேவையில்லை. அழுத்தம் குறைந்தால் கிட்னியே ரெனின் விட்டு அட்ரீனலிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். அதனால்தான் அம்மாவுக்கு பொட்டாசியம் கடைசிவரை சரியாக இருந்தது. அட்ரீனலே கெட்டிருந்தால் பொட்டாசியம் ஏறியிருக்கும், தோலும் கறுத்திருக்கும். அம்மா வெளுத்தாள். எல்லாம் கண்ணெதிரில்தான் இருந்தது. முன்கதுப்பு, பின்கதுப்பு என்று போர்டில் வரைந்து கலர் சாக்பீஸால் அம்புக்குறி போடுகிற எனக்கு, வீட்டில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து அது தோன்றவே இல்லை. அழுதேன், மல்லிகா, வார்டில் எல்லோர் முன்னாலும்.

இல்லாத கார்டிசோலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்ட ராத்திரியை மறக்க மாட்டேன். வாசோபிரஸ்ஸின் அடங்கியதும் வாசல் மூடிக்கொள்ள, தேங்கிய தண்ணீரெல்லாம் சிறுநீராகக் கொட்டியது. பை நிறைய நிறைய மாற்றினார்கள். சோடியம் ஏறுகிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம், அவர்களுக்கோ பயம். ஒரு நாளைக்கு எட்டு, மிஞ்சிப்போனால் பத்துக்கு மேல் ஏறக்கூடாதாம். நாள்பட்டுக் குறைந்த சோடியம் வேகமாக ஏறினால் மூளைத்தண்டில் நரம்புகளின் உறை சிதைந்து கைகால் விழுந்துவிடலாம். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்து, கொடுக்கிற அளவை மாற்றி மாற்றி, தண்ணீரைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்து அவளை மெதுவாக இழுத்துவந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் "டீ ஏன் இப்படி ஆறிப்போச்சு" என்று கேட்டாள், பழைய குரல்.

தைராய்டு மாத்திரையைச் சில நாள் கழித்துத்தான் ஆரம்பித்தார்கள். கார்டிசோல் இல்லாத உடம்பில் அதை முதலில் கொடுத்தால் ஆபத்து. ஹைட்ரோகார்டிசோன் ஆயுசுக்கும் வேண்டும், ஒரு வேளையும் விடக்கூடாது, காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு, வாந்தி எடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் உடனே ஊசி. ஒரு அட்டையில் தமிழில் எழுதி அவள் பர்ஸில் வைத்திருக்கிறேன். இப்போது போர்வை கேட்பதில்லை. நேற்று கல்மண்டபம் மார்க்கெட்டுக்கு என்னோடு வந்து வஞ்சிரம் விலை பேசினாள்.

அப்புறம், உன் மாமியாருக்கும் சோடியம் குறைகிறது என்றாயே, அவர் பிரஷருக்குச் சாப்பிடுகிற மாத்திரையில் சிறுநீரை அதிகமாக்குகிற தயாசைடு வகை இருக்கிறதா என்று டாக்டரிடம் கேள். வயசானவர்களுக்கு அதனாலும் குறையும். நீயாக நிறுத்திவிடாதே, நீயாக உப்பையும் அள்ளிப் போடாதே.

தம்பிக்கு இந்தப் பால் விஷயம் இத்தனை நாள் தெரியாது. வார்டில் அந்தப் பொண்ணிடம் நான் சொன்னபோது பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான், அப்போது ஒன்றும் பேசவில்லை. நேற்று வந்து உங்கம்மா நம்பரைக் கேட்டு வாங்கிப் போனான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவான். அவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று சொன்னாயே, போனை நீயே எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிடு.

உன்,
வசந்தி