தகரத்துக்கு வாக்கு என்று சொன்ன மகளுக்கு

அன்பு மகளுக்கு,

தீபாவளிக்கு வந்தபோது, தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர் கொடுக்கிற கூரைத் தகரத்தைச் சொல்லி, "பத்துத் தகரத்துக்கு வாக்கை விற்கிற சனம்" என்று சொல்லிவிட்டுக் கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டாய். மூன்று வாரமாக அது நெஞ்சுக்குள் உறுத்துகிறது. போனில் பேசினால் சண்டையாகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

உன் கொள்ளுத்தாத்தா 1947இல் வாக்குப் போட்டவர். அந்தத் தேர்தலில், இந்தியாவிலிருந்து வந்த நம் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியர் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். மறுவருடமே நம்மவரை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் வாக்கும் பறிபோனது. 1964இல் நம்மில் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று இரண்டு நாடும் பேசி முடித்தபோது எங்களை யாரும் கேட்கவில்லை. என் சித்தி குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறியது அந்தக் கணக்கில்தான். எனக்கு முதல் வாக்கு கிடைத்தபோது வயது இருபத்தெட்டு. விரலில் பூசிய மை அழிந்துவிடுமோ என்று அன்று துணி துவைக்கவில்லை.

தகரம் வாங்கினேன், உண்மைதான். லயம் என்கிற இந்த வரிசை வீடுகளின் கூரை தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தம். ஒழுகினால் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் சொல்ல வேண்டும், துரை கம்பெனியைக் கேட்பார், அதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும். பிரதேச சபைக்குப் போனால், தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று பல வருடம் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சட்டத்தைத் திருத்தியதே 2018இல்தான். எந்தக் கதவு திறக்கும் என்று பார்த்துத்தான் கட்சித் தலைவர் வீட்டு வாசலில் நின்றோம். தகரம் வாங்கியவர்கள் எல்லாரும் அவருக்கே போட்டோம் என்று உனக்கு யார் சொன்னது? நான் யாருக்குப் போட்டேன் என்பது உன் அப்பாவுக்கே தெரியாது.

வறுமையைப் பற்றி நீ நிறையப் படித்திருக்கிறாய். எனக்கு அது தராசில் தெரிகிறது. நேற்றுச் சாயந்தரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் என் சாக்கு கொக்கியில் ஆடிக்கொண்டிருந்தது. முள் நிற்கும் முன்பே கணக்கப்பிள்ளை எழுதிவிட்டார். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோ வெட்டு. ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய எடையில் அரைக் கிலோ குறைந்ததால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. காலையிலிருந்து நனைந்தது பாதிச் சம்பளத்துக்கு. ஆயிரம் ரூபாய் கேட்டு 2015இல் தெருவில் நின்றோம், 2021இல் கொடுத்தார்கள். கூடவே எடுக்க வேண்டிய கிலோவையும் ஏற்றினார்கள். அடுத்த வருடம் மாவும் மண்ணெண்ணெயும் ஏறி அந்த ஆயிரத்தை விழுங்கிவிட்டன. மேடையில் பேசுகிற எவரும் தராசைப் பற்றிப் பேசுவதில்லை. ரூபாயைத்தான் பேசுகிறார்கள்.

அந்த 2022 மண்ணெண்ணெய் வரிசையில், கீழே சிங்களக் கிராமத்து அக்கா ஒருத்தி எனக்கு முன்னால் நின்றாள். தோட்டத்தாருக்கு வீடு சும்மா, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம் சும்மா என்று அவள் சொன்னாள். உங்களுக்குக் காணி இருக்கிறது, அரசாங்கத்தின் சமுர்த்தி உதவிப் பணம் இருக்கிறது என்று என் அரைகுறைச் சிங்களத்தில் நான் சொன்னேன். கொஞ்ச நேரம் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். மத்தியானம் வரை எண்ணெய் வரவில்லை. தன் கேனையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், எனக்கும் சேர்த்துத் தேநீர் கொண்டுவந்தாள். பிறகு ஒருநாள் அவள் வீட்டுப் பக்கம் போனேன். அங்கேயும் கூரையில் தகரம்தான், வேறு கட்சி கொடுத்தது.

கொழும்பில் நம் மொழி பேசுகிற ஒருவரே உன்னை இளக்காரமாகத் "தோட்டக்காட்டாள்" என்றார் என்று அன்று அழுதாயே, ஞாபகம் இருக்கிறதா? நீ தகரத்தைப் பற்றிச் சொன்னபோது எனக்கும் அப்படித்தான் கேட்டது.

சரி, கோபம் போதும். வாக்காளர் பட்டியலில் உன் பெயரை இன்னும் இந்த லயத்து விலாசத்திலேயே வைப்பதா, கொழும்புக்கு மாற்றுவதா என்று கிராம சேவகர் கேட்கிறார். நான் பதில் சொல்லவில்லை. யோசித்து எழுது. கடிதத்தைத் தோட்ட ஆபீசுக்கே போடு, ஆனால் உன் அப்பா பெயரைப் பெரிதாக எழுது. போன தடவை ஒரு வாரம் அங்கேயே கிடந்தது.

அம்மா