துயருற்றோர் இல்லங்களில் அருட்பணி

ஆசிரியருக்கு,

திருகோணமலையிலுள்ள ஆலயப் பங்கொன்றின் இல்லச் சந்திப்புக் குழுவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும், 2006 இல் போரினால் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து நெடுங்காலம் முகாம்களில் கழித்தவர்களும், காணாமலாக்கப்பட்ட உறவுகளுக்காக இன்றும் காத்திருப்பவர்களும் வாழும் மாவட்டம் இது. இவர்களிடம் “எல்லாம் ஆண்டவருடைய சித்தம்” என்று நாம் அவசரப்பட்டுச் சொல்வது அவர்களுடைய அழுகையை அடைத்துவிடுகிறது. அவ்வாறு நான் சொன்ன வேளையில் ஒரு தாயின் முகம் இறுகிப்போனதை இன்றும் மறக்க இயலவில்லை. விவிலியத்தில் பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து துயருற்ற யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு பகலும் ஏழு இரவும் எதுவும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள்; வாய் திறந்த பின்னரே தவறினார்கள்.

உடலும் கிடைக்காத, செய்தியும் வராத மகனுக்காக, இறந்தவர்களுக்கென நடத்தப்படும் வழிபாடாகிய இறந்தோர் திருப்பலி ஒப்புக்கொடுத்தால், அவன் உயிரோடு இருக்கிறான் என்ற நம்பிக்கையைத் தாமே கைவிட்டதாகிவிடுமோ என்று கலங்கும் பெற்றோருக்கு எந்தக் குருவிடமும் ஆயத்தமான விடை இருக்க முடியாது. ஆனால் மீண்டும் மீண்டும் சென்று கேட்பதற்கு நேரம் வேண்டும். கேட்டதை ஊருக்குள் பரவவிடாத அடக்கமும் வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் கொண்டவரை, செபத்தோடு நிறுத்திவிடாமல், வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு நாமே கூட்டிச் செல்ல வேண்டும். குருக்களுக்கும் போதகர்களுக்கும் மட்டுமன்றி, வீடு வீடாகச் செல்லும் பொதுநிலையினருக்கும் முறையான உளவளத்துணைப் பயிற்சி அளிக்குமாறு திருச்சபைத் தலைவர்களை வேண்டுகிறேன்.

வாசகர் ஒருவர்,
திருகோணமலை.